இரவல் பக்தி நிலைக்காது!

பக்தியைத் தொடங்குவது எளிது. கடைசிவரை அதில் நிலைத்து நிற்பதுதான் கஷ்டம்!

இதற்கு யூதா நாட்டு அரசர்கள் இருவரின் கதையே சாட்சி. இஸ்ரவேல் மக்களின் நாடு அது. பைபிளின் பழைய ஏற்பாட்டில் இந்தக் கதைகள் இருக்கின்றன.

இருவரும் சிறுவயதிலேயே பட்டத்துக்கு வந்தவர்கள். ஒருவன் நல்லவர் கையில் வளர்ந்தும் கெட்டான். மற்றவன் கெட்ட தகப்பனுக்குப் பிறந்தும் நல்லவனாக வாழ்ந்தான்.

ஏன் இப்படி?

கோவிலில் வளர்ந்த குழந்தை

முதல் அரசன் பெயர் யோவாஸ். சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன்பு எருசலேம் நகரில் ஆண்டவன்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை கொல்லப்பட்டான். உடனே பாட்டி அத்தாலியாள் ஆட்சியைப் பிடித்தாள். அரச குலத்துப் பிள்ளைகளைக் கொன்று தீர்த்தாள். சொந்தப் பேரப்பிள்ளைகள் என்றுகூடப் பார்க்கவில்லை!

யோவாஸ் மட்டும் தப்பினான். அவனுடைய அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைத்தாள். அத்தையின் கணவர் யோய்தா, கோவில் குரு. 6 ஆண்டுகள் கோவிலிலேயே ரகசியமாக வளர்ந்தான் யோவாஸ்.

அவனுக்கு 7 வயது ஆனதும் யோய்தா அவனுக்கு முடி சூட்டினார். நல்வழி காட்டினார். யோவாசும் நன்றாகவே ஆண்டான். பாழாகிக் கிடந்த கோவிலைப் பழுது பார்த்தான். இதற்காகக் கோவிலில் ஒரு பெட்டி வைத்தார்கள். மக்கள் மகிழ்ச்சியோடு காசு போட்டார்கள். கொத்தருக்கும் தச்சருக்கும் அதிலிருந்து கூலி கொடுத்தார்கள்.

யோய்தா 130 வயதில் இறந்தார் என்கிறது பைபிள். அவரை அரசர்களின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

கல்லால் அடித்தான்!

அதன் பிறகு பிரபுக்கள் வந்தார்கள். அரசனை விழுந்து வணங்கினார்கள். அவர்கள் பேச்சில் அரசன் மயங்கினான். முன்னோரின் கடவுளை மறந்தான். தானே பழுது பார்த்த கோவிலையும் மறந்தான்!

யோய்தாவின் மகன் சகரியா அதைக் கண்டித்தார். அரசன் என்ன செய்தான் தெரியுமா? கோவில் முற்றத்திலேயே அவரைக் கல்லால் அடித்துக் கொல்ல உத்தரவு போட்டான். தன் உயிரைக் காத்தவரின் மகன் உயிரையே எடுத்தான்!

சீரியப் படை வந்தது. அது சிறிய படைதான். என்றாலும் யூதா தோற்றது. படுக்கையில் கிடந்த யோவாசை அவனுடைய வேலைக்காரர்களே கொன்றார்கள். அரசர்களின் கல்லறையில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

"கெட்ட சகவாசம்தான் காரணம்" என்று சிலர் சொல்லலாம். அது பாதி உண்மை. நல்லவர் பக்கத்தில் இருந்தார், நல்லவனாக இருந்தான். கெட்டவர்கள் பக்கத்தில் வந்தார்கள், கெட்டவன் ஆனான். அவனுடைய பக்தி யோய்தாவிடம் வாங்கிய இரவல். அவர் போனதும் அதுவும் போய்விட்டது!

தானே தேடியவன்

சுமார் 200 ஆண்டுகள் கழித்து யோசியா அரசன் ஆனான். அப்போது அவனுக்கு வயது 8. தந்தை ஆமோன் தீய வழியில் நடந்தவன்.

ஆனால் யோசியா இளவயதிலேயே, ஆட்சிக்கு வந்த 8-வது ஆண்டில், தானாகவே கடவுளைத் தேடத் தொடங்கினான். மேலும் 10 ஆண்டுகள் கழித்துக் கோவிலில் ஒரு பழைய வேத நூல் கிடைத்தது. அதைப் படித்துக் காட்டியதும் யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டு அழுதான். "இத்தனை நாள் தவறிவிட்டோமே!" என்று வருந்தினான். பிறகு பெரியோர், சிறியோர் எல்லோரையும் கூட்டி, அந்த நூலை வாசித்துக் காட்டினான்.

தவறைச் சுட்டிக்காட்டியபோது யோவாஸ் கல்லை எறியச் சொன்னான். யோசியா கண்ணீர் விட்டான். இதுதான் வித்தியாசம்! 31 ஆண்டுகள் ஆண்டு, போரில் யோசியா இறந்தபோது, நாடே அழுதது.

பெற்றோர்களே! பிள்ளையைக் கைப்பிடித்துக் கோவிலுக்கு அழைத்துப் போங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். "ஏன் கும்பிட வேண்டும்?" என்று அவன் கேட்டால் அதட்டாதீர்கள். அவனே தேடட்டும், அவனே உணரட்டும். உங்கள் தவறை யாராவது சொன்னால், பிள்ளையின் எதிரிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

அப்பா இருக்கும்வரை நல்ல பிள்ளையாக இருப்பது எளிது. அப்பா போன பிறகும் அப்படியே இருப்பானா? அதுதான் கேள்வி!