பேரனும் பங்குப் பத்திரமும்

இலக்கியம் பேசுகிற இடத்தில் பங்குச் சந்தைக்கு என்ன வேலை என்று வாசக நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினரான ஒரு தமிழாசிரியர், ஓய்வுபெற்ற கையோடு சென்ற மாதக் கூட்டத்திற்கு வந்தபோது சங்கப் பாடல்களைப் பற்றிப் பேசவில்லை. தமது பணிக்கொடையில் மூன்று இலட்சம் ரூபாயை, கணினிப் பயிற்சி கொடுத்து ஆட்களை மென்பொருள் நிறுவனங்களுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் பங்குகளில் போடலாமா என்று கேட்டார். அதே வகையான வேறொரு நிறுவனத்தில்தான் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் பணம் கட்டிப் பயிற்சி முடித்துவிட்டு, அழைப்பு வரும் என்று ஐந்து மாதங்களாகக் காத்திருக்கிறான். இந்த இரண்டு செய்திகளையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். அவற்றுக்கிடையே உறவு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்குத் தோன்றியது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

அவருக்கு அறிவுரை சொல்லும் தகுதி எங்களுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாங்கள் நடத்திவந்த சிற்றிதழின் சந்தாத் தொகை 22,000 ரூபாய் கையில் இருந்தது. சிறுகதைச் சிறப்பிதழுக்கென்று சேர்த்த பணம். ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும் என்று நம்பி, ஒரு கணினிப் பயிற்சி நிறுவனத்தின் பங்குகளை வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். அடுத்த ஆண்டு இறுதியில் விற்றபோது மூவாயிரத்துக்கும் குறைவாகவே கிடைத்தது. அந்தச் சிறப்பிதழ் இன்றுவரை வரவில்லை. கதை கொடுத்த எழுத்தாளர்களில் இருவர் இப்போது உயிருடன் இல்லை.

அந்தக் காலத்தைச் சற்று நினைவுபடுத்திப் பார்ப்பது நல்லது. 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்தின் எதிரிலும் மாடிப்படி ஏறினால் ஒரு கணினிப் பயிற்சி மையம் இருந்தது. 1981-இல் தொடங்கப்பட்ட என்.ஐ.ஐ.டி., 1986-இல் தொடங்கப்பட்ட ஆப்டெக், சென்னையில் வளர்ந்த எஸ்.எஸ்.ஐ. ஆகியவற்றின் பெயர்ப் பலகைகள் ஊருக்கு ஊர் தொங்கின. விஸ்வநாதன் ஆனந்த் என்.ஐ.ஐ.டி.யின் விளம்பர முகமாக இருந்தார். இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கலைச் சரிசெய்ய அமெரிக்காவுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அங்கே எச்1பி விசாவின் ஆண்டு வரம்பு 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக உயர்த்தப்பட்டது. நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பிய பெற்றோரும், அந்த மையங்களின் பங்குகளை வாங்கிய எங்களைப் போன்றோரும் ஒரே கனவின் இரு பக்கங்களில் நின்றிருந்தோம்.

மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண் 2000 பிப்ரவரியில் 6,000 புள்ளிகளைத் தொட்டுத் தாண்டியது. மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் உச்சத்தை அடைந்து சரியத் தொடங்கியது. 2001 மார்ச் இறுதியில் பங்குத் தரகர் கேத்தன் பாரேக் கைதானார். அவ்வாண்டு செப்டம்பரில் குறியீட்டெண் 2,600 அளவுக்கு இறங்கியிருந்தது. எச்1பி வரம்பும் 2004-ஆம் நிதியாண்டில் பழையபடி 65,000-க்குத் திரும்பியது. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை போனதும் பயிற்சிக்கு வருவோர் குறைந்தனர். பயிற்சிக்கு வருவோர் குறைந்ததும் பங்கு விழுந்தது.

இதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்று உண்டு. பயிற்சியும் ஆள் அனுப்புதலும் சேர்ந்த நிறுவனத்தை விற்க வருகிறவர்கள், 'ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று தாங்கும்' என்பார்கள். அது உண்மையன்று. அவை ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள். பயிற்சிக்குக் கட்டணம் கட்டுகிறவன் வருங்கால வேலையை நம்பிக் கட்டுகிறான். ஆள் அனுப்புவதில் வரும் வருமானம் நிகழ்கால வேலையிலிருந்து வருகிறது. வேலைச் சந்தை படுத்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும்.

அடுத்தது கணக்கு. ஆள் அனுப்பும் நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வருவாய் என்று படித்ததும் நமக்கு மலைப்பு ஏற்படும். அந்த வருவாயில் மிகப் பெரும் பகுதி, அனுப்பப்பட்ட ஊழியர்களின் சம்பளமே. இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுப்பது. 2016-இல் பங்குச் சந்தைக்கு வந்த டீம்லீஸ் போன்ற பெரிய நிறுவனத்தில்கூட, நூறு ரூபாய் வருவாயில் நிகர இலாபமாக நிற்பது ஒன்றிரண்டு ரூபாய்தான். மென்பொருள் துறைக்கு மட்டும் ஆள் அனுப்பினால் இலாப விகிதம் சற்றுக் கூடும். ஆனால் அங்கே வேறோர் இடர் உண்டு. ஊழியருக்கு மாதக் கடைசியில் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வாடிக்கையாளர் நிறுவனமோ இரண்டு மாதம் கழித்தும் பணம் தரலாம். இடைப்பட்ட காலத்தைக் கடன்தான் நிரப்பும். எவருக்கும் அனுப்பப்படாமல் 'பெஞ்சில்' இருப்பவருக்கும் சம்பளம் உண்டென்றால் இலாபம் அங்கேயே கரையும். இல்லையென்றால் அந்த இழப்பு முழுவதும் பேரன் தலையில் விழும்.

மூன்றாவதாக, பணம் கட்டுவது யார் என்ற கேள்வி. என்.ஐ.ஐ.டி.யின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 2004-இல் அதன் மென்பொருள் சேவைப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதுவே கைமாறி 2020-இல் கோஃபோர்ஜ் என்று பெயர் மாற்றிக்கொண்டு பெருநிறுவனமாக வளர்ந்துவிட்டது. பெருநிறுவனங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் பிரிவு 2023-இல் தனியாகப் பிரிக்கப்பட்டது. மாணவர்களிடம் கட்டணம் வாங்கும் பழைய தாய்த்தொழிலோ இவற்றோடு ஒப்பிடச் சிறியதாகவே நின்றுவிட்டது. பொறியியல் கல்லூரிகள் பெருகின. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் தாமே பயிற்சி வளாகங்கள் அமைத்தன. 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தின் வழியே ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைத்தன. மாணவனின் பையிலிருந்து மட்டும் வருகிற வருமானம் நெடுங்காலம் நிலைக்காது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் முடிவு.

மாணவனிடம் வாங்காமல் வாடிக்கையாளரிடமே வாங்கும் முறையும் உண்டே என்பார்கள். உண்டு. இலண்டன் சந்தையில் 2014 முதல் பட்டியலிடப்பட்டுள்ள எஃப்.டி.எம். குழுமம் அதற்கு எடுத்துக்காட்டு. பட்டதாரிகளைச் சேர்த்து, சில வாரங்கள் பயிற்றுவித்து, வங்கிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் அனுப்புவார்கள். அவர்கள் இரண்டாண்டுகள் உடனிருப்பார்கள் என்ற ஏற்பாட்டின் மீது தொழில் நின்றது. பல ஆண்டுகள் பங்குதாரர்களுக்குத் தாராளமாக ஈவுத்தொகை கிடைத்தது. 2022 இறுதியில் ஏறத்தாழ 4,900 பேர் வாடிக்கையாளர்களிடம் பணியில் இருந்தனர். 2024 இறுதியில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2,600. பங்கு விலையும் அதனோடு இறங்கியது. நேர்மையாகவும் திறமையாகவும் நடத்தப்பட்டாலும் இத்தொழில் இப்படித்தான் வளைந்து கொடுக்கும்.

இப்போது அறத்தின் பக்கம் வருகிறோம். பயிற்சிக் கட்டணம், பிணைப் பத்திரம், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளுதல் என்று இளைஞனைக் கட்டிப்போடும் வழிகள் இத்துறையில் பல. பணிப் பிணை எல்லாமே சட்டவிரோதம் என்று சொல்வதற்கில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு வங்கி அலுவலரின் வழக்கில், இரண்டு இலட்ச ரூபாய்ப் பிணை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆனால் பங்கு வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நல்ல ஊதியத்தாலும் நல்ல பணியாலும் ஆட்களை நிறுத்திக்கொள்ள முடியாமல், பத்திரத்தால் நிறுத்தி வைக்கிற நிறுவனத்தின் இலாபம் எத்தனை நாள் இலாபம்? அது ஊழியரிடமிருந்து வாங்கிய கடனே அன்றி, தொழிலின் விளைச்சல் அன்று.

பங்கே வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வேலை தேடுவோரையும் வேலையையும் இணைத்து வைப்பது தேவையான தொழில். அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் இலாபம் காண்பதில் தவறில்லை. ஆயினும் பயின்றவர்களில் எத்தனை பேர் எவ்வளவு ஊதியத்தில் பணியமர்ந்தனர் என்பதை வெளிப்படையாகச் சொல்லாத நிறுவனம், பங்குதாரரிடமும் எதையோ மறைக்கும் என்றே நாங்கள் கருதுகிறோம். மாணவனிடம் உண்மை பேசாதவன் முதலாளியிடம் மட்டும் ஏன் பேச வேண்டும்?

தமிழாசிரியரிடம் நாங்கள் சொன்னது இதுதான்: "ஐயா, உங்கள் பேரனின் வேலையும் உங்கள் சேமிப்பும் ஒரே காற்றை நம்பி இருக்க வேண்டாம். காற்று நின்றால் அவன் வீட்டுக்குத் திரும்பி வருவான். அன்றைக்கு அவனைத் தாங்க வேண்டிய பணமும் அதே நாளில் கரைந்திருக்கும். பணிக்கொடை வங்கியிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும். ஆசையிருந்தால், இழந்தாலும் உறக்கம் கெடாத அளவுக்கு மட்டும் வாங்குங்கள்."

அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். எங்கள் சிறப்பிதழின் கதை அவருக்கும் தெரியும். அதற்கென்று அவர் கொடுத்த கட்டுரையும் அச்சேறாமலே போனது. பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "பேரன் முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டு வரட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

ஆண்டறிக்கைகள் பலவற்றைப் புரட்டிய பிறகும், இத்துறையை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று எங்களுக்குத் தட்டுப்படவில்லை. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் எழுதலாம், பேசுவோம்.