தூசிக்கும் பூர்வீகம் உண்டு

ஆடி பிறந்தால் பட்டுக்கோட்டையில் திண்ணையைப் பெருக்கி மாளாது. 'மேல்காத்து கொண்டாந்து கொட்டுது' என்பார்கள். மேற்கிலிருந்து என்றால் எங்கிருந்து? ஜூன், ஜூலையில் அரேபியப் பாலைவனத் தூசி அரபிக்கடலைத் தாண்டிவருவது செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிகிறது. அது இவ்வளவு தூரம் வருகிறதா, நம் ஊர்ப் புழுதியே எழும்பி நம் மேல் விழுகிறதா?

இதற்கு விடை சொல்லும் முறை இருக்கிறது. பாறையில் உள்ள ருபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. பாதி சிதையவே ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். ஆகவே ருபிடியம் மிகுந்த தொன்மையான பாறையில் ஸ்ட்ரான்சியம்-87இன் பங்கு கூடுதல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த தக்காணக் கரும்பாறையில் குறைவு. பாறை பொடிந்து பறந்தாலும் இந்த அடையாளம் பெரிதும் அழிவதில்லை. நியோடைமியத்தின் ஐசோடோப்பு விகிதம் இன்னும் உறுதியான சாட்சி. கிரீன்லாந்துப் பனியில் புதைந்த பனியுகத் தூசி கிழக்கு ஆசியப் பாலைவனங்களுடையது என்று 1990களில் இப்படித்தான் தெரிந்தது. இத்தகைய அளவீடுகளுக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் வசதி உண்டு.

நம் அரசு அளவீடோ எடையோடு நின்றுவிடுகிறது. பிஎம் 10 துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். யாருடைய தூசி என்று தராசுக்குத் தெரியாது.

ஐசோடோப்புக்கும் எல்லாம் தெரிந்துவிடாது. செங்கல் சூளைக்குப் போவதும் வயல் மண்தான். சுட்டாலும் விகிதம் மாறாது. சூளைத் தூசியையும் உழவுப் புழுதியையும் அது பிரித்துக் காட்டாது. புகைக்கரியைத் தனியே அளக்க வேண்டும். அதிராம்பட்டினம் உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் கடலுப்பின் ஸ்ட்ரான்சியமும் கலந்துவிடும். முதலில் அதைக் கழுவி நீக்க வேண்டும். துகளின் அளவால் விகிதம் மாறலாம் என்பதால் நுண்துகளை நுண்துகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, நம் மண்ணின் பட்டியல் வேண்டும். பழைய காவிரி டெல்டாவின் வண்டல், குடகும் மைசூர்ப் பீடபூமியும் தேய்ந்து வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் மணலும். கல்லணைக் கால்வாய், எங்களுக்குப் புது ஆறு, 1934க்குப் பிறகுதான் இங்கே தண்ணீர் கொண்டுவந்தது. புதுக்கோட்டைக் குவாரியிலிருந்து லாரியில் வரும் எம்-சாண்ட் வேறொரு பாறை. இவற்றின் விகிதங்கள் கையில் இல்லாமல் தூசி பிடிக்கும் கருவி வாங்குவது வீண் செலவு.

பட்டியல் தயாரானதும் மேல்காற்றுக்கு முன் சித்திரையில் ஒரு முறை, அது வீசும் ஆடியில் ஒரு முறை காற்றுத் தூசியைப் பிடித்துப் பார்க்கலாம். இரண்டும் உள்ளூர் மண்ணோடு பொருந்தினால் அரேபியாவின் மேல் பழி போட முடியாது. சாலையையும் லாரியையும்தான் கவனிக்க வேண்டியிருக்கும்.