துறைப் பெயருக்குப் பக்கத்தில் கணக்கும் வேண்டும்

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் துறை வகைப்பாடு குறித்துச் சில்லறை முதலீட்டாளர் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

எங்கள் நிலைப்பாடு

ஒரு நிறுவனத்துக்கு ஒரு முதன்மைத் துறை என்ற முறை தொடரட்டும். ஆனால் அந்தத் துறை எந்தக் கணக்கில் முடிவானது, வருவாயும் லாபமும் வேறு எந்தத் தொழில்களிலிருந்து வருகின்றன என்பதைத் துறைப் பெயருக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும்.

ஏன் கேட்கிறோம்?

பங்கு வாங்குபவர் பி.இ. விகிதத்தை, அதாவது ஒரு பங்கின் லாபத்தைப் போல எத்தனை மடங்கு அதன் விலை என்பதை, பார்க்கிறார். அது அதிகமா குறைவா என்பதை அதே துறையின் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறார். துறை பொருந்தாவிட்டால் ஒப்பீடும் பொருந்தாது. அதோடு, துறைசார் மியூச்சுவல் ஃபண்டுகள் தம் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அந்தத் துறைப் பங்குகளில் போட வேண்டும் என்பது சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. எஸ்.ஐ.பி. எனும் தவணை முதலீட்டைக் கட்டுபவரின் சேமிப்பு எங்கே போகிறது என்பதையும் இந்த வகைப்பாடுதான் தீர்மானிக்கிறது.

ஐடிசியை எடுத்துக்கொள்வோம். பங்குச் சந்தைப் பட்டியலில் அது நுகர்பொருள் நிறுவனம். பிஸ்கட்டையும் ஆட்டாவையும் மனதில் வைத்துப் பலர் அதை வாங்குகிறார்கள். லாபத்தில் பெரும்பங்கு வருவதோ சிகரெட்டிலிருந்து. பட்ஜெட்டில் புகையிலை வரி ஏறினால் அடி விழுவது அங்கேதான். அதன் நிறுவன அடையாள எண்ணில் தொழிலைக் குறிக்கும் ஐந்து இலக்கங்கள் 16-ல் தொடங்குகின்றன. பழைய தேசியத் தொழில் வகைப்பாட்டில் அது புகையிலை. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸுக்கு அந்த இடத்தில் இன்றும் 17, அதாவது ஜவுளி. சந்தைப் பட்டியலில் அது எண்ணெய், எரிவாயுத் துறை. அதன் காலாண்டு முடிவுகளிலோ சில்லறை வணிகமும் டிஜிட்டல் சேவையும் பெரிய பிரிவுகளாக நிற்கின்றன.

வகைப்பாடு காலத்தோடு மாறத்தான் வேண்டும். எம்எஸ்சிஐயும் எஸ் அண்ட் பியும் 1999-ல் உருவாக்கிய உலகளாவிய முறையில், 2018-ல் ஆல்ஃபபெட்டும் ஃபேஸ்புக்கும் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து தகவல் தொடர்புச் சேவைக்கு மாறின. 2023-ல் விசாவும் மாஸ்டர்கார்டும் நிதித் துறைக்குப் போயின. இரண்டு முறையும் முன்கூட்டியே கருத்துக் கேட்டார்கள். பல மாதங்களுக்கு முன்பே முடிவை அறிவித்தார்கள். அந்த ஒழுங்கு இங்கும் வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியும் பங்குச் சந்தைகளும் சேர்ந்து நான்கு அடுக்குப் பொது வகைப்பாட்டைக் கொண்டுவந்ததை வரவேற்கிறோம். அதன் மேல் எங்கள் கோரிக்கைகள்:

1. மொத்த வருவாயில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் ஒவ்வொரு தொழிலையும், அதன் வருவாய், லாபப் பங்கோடு சந்தைகளின் இணையப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

2. வருவாய் ஒரு துறையையும் லாபம் வேறொரு துறையையும் காட்டும்போது, எதை ஏன் அடிப்படையாகக் கொண்டார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும்.

3. பிரிப்பு, இணைப்பு, பெரிய கையகப்படுத்தல் நடந்ததும் வகைப்பாட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மாற்றம் நடைமுறைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே அறிவிப்பு வர வேண்டும்.

மாற்று யோசனைகள்

ஒரே நிறுவனத்தைப் பல துறைகளில் பங்கு போட்டு வைக்கலாம் என்கிறார்கள் சிலர். அப்படிச் செய்தால் குறியீடுகளில் அதன் எடையைக் காலாண்டுக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே இருக்க நேரும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் முடியாது. நிறுவனமே தன் துறையைச் சொல்லட்டும் என்பதையும் ஏற்கமாட்டோம். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் பெயரோடு 'டாட்காம்' சேர்த்த மாத்திரத்தில் பங்கு விலைகள் ஏறின. விலை ஏற்றும் பெயரைத் தேர்வுசெய்யும் உரிமையை அதனால் லாபமடைபவரிடமே விடக் கூடாது.

நாங்கள் கேட்பதற்குப் புதிய தரவு எதுவும் தேவையில்லை. பிரிவுவாரிக் கணக்கைக் காலாண்டுதோறும் நிறுவனங்கள் ஏற்கெனவே தாக்கல் செய்கின்றன. அது பல பக்க பி.டி.எஃப். கோப்பின் உள்ளே கிடக்கிறது. அதை எடுத்துத் துறைப் பெயருக்குப் பக்கத்தில் வைக்கும்படி செபி சுற்றறிக்கை வெளியிட வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். அதுவரை, ஒரு பங்கை அதன் துறையோடு ஒப்பிடுமுன் பிரிவுவாரி முடிவுகளைத் திறந்து பார்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.