கர்ணன் சாகும்வரை உட்காருங்கள்



தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற பேருந்தில் இண்டூர் பக்கம் வந்து போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். பங்குனி பிறந்துவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்ச் சுவரைப் பார்த்தாலும் கூத்து நோட்டீஸ். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. அதைப் பற்றி வருஷா வருஷம் எழுதுகிறோம். இந்த மாதம் சாவு வீட்டுக் கூத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசை.

வட மாவட்டங்களில் வயதானவர் ஒருவர் தவறிப்போனால், காரியத்தை ஒட்டி ஓர் இரவு ‘கர்ண மோட்சம்’ வைக்கிற வழக்கம் இருக்கிறது. போன உயிருக்கு நல்ல கதி கிடைக்கும் என்பது நம்பிக்கை. கிடைக்கட்டும். ஆனால் அன்றிரவு இருக்கிற உயிர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் நான் கவனித்துப் பார்க்கிறேன்.

வாசலில் கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், தொண்டையைப் பிழிந்துகொண்டு ஒரு முகவீணை. நள்ளிரவு தாண்டியபின் பொன்னுருவி வருகிறாள். போருக்குப் போகிற புருஷனைப் பிறப்பைச் சொல்லி ஏசியவள், உண்மை தெரிந்து உடைந்துபோகிறாள். விடியப்போகிற நேரத்தில் களத்தில் கிடக்கும் கர்ணனை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு குந்தி அழுகிறாள். வேஷம் கட்டியிருப்பவர் ஆண். அரிதாரம் வியர்வையில் வழிந்து கழுத்துவரை வந்திருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. உயிரோடு இருந்தவரை மகனே என்று ஊரறிய அழைக்காதவள், செத்த பிறகு ஊரைக் கூட்டி அழைக்கிறாள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மகளுக்கு அது போதும். சொத்துத் தகராறில் அப்பனோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தவளாக இருக்கலாம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், முகம் பார்க்கக் கூட வந்து சேர முடியாத மகனாக இருக்கலாம். தன் வாயால் சொல்ல முடியாததைக் குந்தி சொல்லிவிட்டுப் போகிறாள். உடனே கட்டியக்காரன் ஏதாவது குறும்பாகச் சொல்ல, அழுத கண்ணோடு வீடே சிரிக்கிறது. பதினைந்து நாளாகச் சிரிக்காத வீடு.

ஒப்பாரியும் இப்படித்தான். தெருமுனையிலேயே குரலெடுத்துக்கொண்டு வருகிற பெண்கள், வட்டத்துக்குள் புகுந்து தோள்மேல் கை போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பிணம் ஒன்று, அழுகை பத்துப் பேருடையது. ஒருத்தி போன வருஷம் போன தம்பிக்கு அழுவாள், இன்னொருத்தி குடிகாரப் புருஷனுக்கு. தென்னார்க்காட்டுக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதையே 2005இல் வந்த தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். நம் பாட்டிமாருக்கு அது தெரியாததா என்ன!

பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள். அறிமுகமில்லாத பெரியவர்கள் சேர்ந்த மாலை வகுப்புகள். சிலர் சேர்ந்து பாடினார்கள், சிலர் கைவினை செய்தார்கள், சிலர் எழுதப் பழகினார்கள். ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒரே அளவுதான். ஆனால் பாடியவர்கள் மட்டும் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பியர்ஸ், லானே, டன்பார் மூவரும் 2015இல் இதை வெளியிட்டார்கள். சாவு வீட்டுக்கு ஏழு மாதம் கிடையாது. ஓர் இரவுதான் உண்டு. அதனால்தான் நம்மவர்கள் பாட்டைப் பிடித்தார்களோ என்று தோன்றுகிறது.

இந்த ஓர் இரவு கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதை ஈழத்தில் பார்த்தோம். 2009இல் வன்னியில் உறவுகளை எடுத்துப் புதைக்கக்கூட முடியாமல் முகாம்களுக்கு வந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இது ஆளாளுக்கு மாத்திரை கொடுத்துத் தீர்க்கிற நோய் இல்லை, சமூகத்துக்கே பட்ட காயம் என்று தொடர்ந்து எழுதினார். சடங்கு, ஒப்பாரி, கூத்து எல்லாவற்றையும் மருத்துவத்தின் பக்கத்தில் வைத்துப் பேசினார். அதற்கு முன்பே, 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கி, போர் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கதை சொன்னார்கள், பாடவைத்தார்கள்.

சேர்த்து உட்காரவைத்தார்கள் என்று எழுதும்போது நம் மாவட்டம் நினைவுக்கு வராமல் போகாது. பிறப்பைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட ஒருவனுக்காக விடிய விடிய அழுகிற ஊர்கள் இவை. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மாறி நடந்த ஒரு காதல் திருமணத்தைச் சாக்கிட்டு நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி வீடுகளைக் கொளுத்தியதும் இதே மாவட்டத்தில்தான். கர்ணனைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் அந்தக் கும்பலில் ஒருவர்கூட இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. கூத்து தானாக யாரையும் திருத்திவிடாது. யாரைப் பக்கத்தில் உட்காரவிடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது மருந்தா, வெறும் பொழுதுபோக்கா என்பது.

இன்று கூத்தும் குறுகிக்கொண்டே வருகிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பும் கூத்து நடந்ததை நாம்தான் மறந்துவிட்டோம். பல இடங்களில் பொன்னுருவி கால் மணி நேரத்தில் வந்து போகிறாள். ஒப்பாரிக்குப் பெண்கள் வேண்டாம், பதிவு செய்த பாட்டைப் போட்டால் ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் அதுவே அழுதுகொண்டிருக்கிறது. வீட்டுக்காரர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது வசதிதான். ஆனால் ஆறுதல் இல்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒப்பாரி தெரிந்த அம்மா, அத்தை, ஆயா யாராவது இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று மறுப்பார்கள். வற்புறுத்தாதீர்கள். களத்துமேட்டிலோ பம்ப்செட் மேடையிலோ உட்கார்ந்து கேட்டால் பலர் பாடுவார்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் நமக்கு அனுப்புங்கள். பாட்டில் வரும் வீட்டாரின் பெயர்களை எடுத்துவிட்டு வெளியிடுவோம். உங்கள் ஊரில் கர்ண மோட்சம் வைத்தால் பாதியில் எழுந்து போகாமல், யார் வந்தாலும் தள்ளி இடம்கொடுத்து, கர்ணன் சாகும்வரை உட்காருங்கள். கலைஞர்களுக்குப் பேசிய தொகையை நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுக்காமல், அவர்கள் வேஷம் கலைப்பதற்குள் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்