விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி...

ஆன்லைன் போக்கர் புதிதாக ஆட ஆரம்பித்தவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். தொடர்ந்து தோற்கிறாயா? பதறாதே. ஒரு நாள் ஓய்வு எடு. கையிருப்பில் சின்னப் பகுதியை மட்டும் மேசைக்குக் கொண்டு போ. கோபத்தில் ஆடாதே (இந்தக் கோபத்துக்கு அந்த உலகத்தில் 'டில்ட்' என்று பேர்). கெட்ட நேரம் கழியும், அப்புறம் திரும்பி வா.

எல்லாம் நல்ல அறிவுரைதான். ஒரே ஒரு கோளாறு. இவை ஜெயிக்கத் தெரிந்தவனுக்காகச் சொல்லப்பட்டவை. அவனுக்குத் தோல்வித் தொடர் என்பது நடுவில் வந்து போகும் மழைக்காலம். புதிதாக வந்தவனுக்கோ தோற்பதுதான் ஊர் வெயில் மாதிரி, வருஷம் பூராவும் இருப்பது. "எப்படித் தாங்கிக்கொண்டு திரும்பி வருவது" என்பது அவன் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. "திரும்பி வர வேண்டுமா" என்பதுதான் கேள்வி.

சரி, முதலில் கணக்கு. டெபிட் கிரெடிட் எல்லாம் தலைகீழாகச் சொல்கிற காமர்ஸ் பசங்களே இந்த ஒரு கணக்கை மட்டும் போட மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மேசையில் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே அளவு திறமை. ஆளுக்கு 1000 ரூபாய், மொத்தம் 6000. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் காசில் 5 சதவீதம் நடத்துகிற கம்பெனிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ரேக் என்று பெயர். ராத்திரி முழுக்க ஆடியதில், நடுவில் சேர்ந்த தொகைகளைக் கூட்டினால் 20,000 வருகிறது. (அதே காசுதான் சுற்றிச் சுற்றி வரும், அதனால் இது பெரிய தொகையே இல்லை.) அதில் 5 சதவீதம் 1000. அதாவது ஆறு பேரில் ஒருத்தர் கொண்டு வந்த காசு மொத்தமாக மேசையை விட்டே போய்விட்டது. யாரும் தப்பாக ஆடவில்லை. யாருக்கும் கெட்ட நேரமும் இல்லை. ஆனாலும் சராசரியாக ஆளுக்கு 167 ரூபாய் காலி.

இதற்கு மேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல், ஆடுவதற்குக் கட்டும் பணத்தின் மேலேயே 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. அப்போது 1000 ரூபாய் கட்டினால் அதில் சுமார் 219 ரூபாய் வரியாகப் போனது. பல கம்பெனிகள் போனஸ் என்ற பெயரில் இதை ஈடு கட்டிப் பார்த்தன என்பது வேறு விஷயம். ஜெயித்தவனின் நிகர வெற்றிக்கு 30 சதவீதம் வருமான வரி தனி. தோற்றவன் தன் நஷ்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழித்துக்கொள்ள முடியாது. லாபத்தில் பங்கு கேட்க ஆள் உண்டு, நஷ்டத்துக்குக் கூட்டாளி கிடையாது.

இரட்டிப்பு வைத்தியம்

தொடர்ந்து தோற்கிறவனுக்கு முதலில் தோன்றும் யோசனை, அடுத்த முறை இரண்டு மடங்கு வைப்பது. 100, 200, 400, 800, 1600, 3200. ஆறு முறை தோற்றால் போனது 6300. ஏழாவது முறை 6400 வைக்க வேண்டும். ஜெயித்தால் என்ன மிச்சம்? வெறும் 100 ரூபாய். 12,700 ரூபாயை வெளியே எடுத்து வைத்து நூறு ரூபாய் சம்பாதிக்கிற வியாபாரத்தை எந்த மளிகைக்கடை அண்ணாச்சியும் செய்யமாட்டார்.

"ஆறு முறை தொடர்ந்தெல்லாம் தோற்க முடியுமா?" என்று கேட்கலாம். சரிக்குச் சரி வாய்ப்பு உள்ள ஆட்டத்தில் அது 64க்கு ஒன்று. ஒரு ராத்திரியில் நூறு ஆட்டம் ஆடுகிறவனுக்கு இது அதிசயமே இல்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. "இனிமேல் சிவப்புதான்" என்று சுற்றுக்குச் சுற்று சிவப்பில் கட்டியவர்கள் லட்சக்கணக்கில் விட்டார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. சீட்டுக்கட்டுக்கும் கிடையாது.

போக்கரில் இதே வைத்தியம் வேறு வேஷத்தில் வரும். 5 ரூபாய் மேசையில் விட்டதை 25 ரூபாய் மேசையில் பிடிக்கப் போவது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இன்னும் கெட்டிக்காரர்கள். கீழே தோற்றவன் மேலே போய் ஜெயிப்பான் என்பதற்கு என்ன நியாயம்?

திறமையா, நேரமா?

"போக்கர் திறமை விளையாட்டு ஆச்சே?" உண்மைதான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் அந்தத் திறமை கண்ணுக்குத் தெரிய எவ்வளவு நாள் ஆகும் என்பதுதான் சிக்கல்.

100 ஆட்டத்துக்குச் சராசரியாக 5 பிளைண்ட் (கட்டாயமாகக் கட்டும் தொகை) ஜெயிக்கிற தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ஆட்டம் ஆடினால் 500 பிளைண்ட் லாபம் வர வேண்டும். ஆனால் 100 ஆட்டத்துக்கு ஏற்ற இறக்கம் 90 பிளைண்ட் அளவுக்கு இருந்தால், 10,000 ஆட்டத்துக்கு அது 900. லாபத்தை விட ஆட்டம் காட்டுவது பெரிது! இப்படிப்பட்ட தேர்ந்தவர்கள் பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் 10,000 ஆட்டம் முடிந்தும் நஷ்டத்தில் இருப்பார்கள்.

இதைக் கேட்டதும் புதியவனுக்கு ஒரே சந்தோஷம். "நானும் அந்த மூன்றில் ஒருத்தன்!" அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 5 பிளைண்ட் தோற்கிற மட்டமான ஆட்டக்காரர்களிலும் பத்துக்கு மூன்று பேர் 10,000 ஆட்டம் வரை லாபத்தில் இருப்பார்கள். இவர்கள்தான் பாவம். ஆரம்பத்தில் ஜெயித்ததைத் திறமை என்று நம்பி, அப்புறம் தோற்பதை எல்லாம் கெட்ட நேரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்க அக்கவுண்டன்ட், இணையத்தில் மலிவான ஒரு தகுதிப் போட்டியில் நுழைந்து, அதன் வழியே உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். போட்டியிட்டவர்கள் 839 பேர். உலகம் முழுக்கப் பையன்கள் அந்த ஒருத்தரைப் பார்த்துத்தான் மேசைக்கு வந்தார்கள். மிச்சம் 838 பேரை யாரும் பார்க்கவில்லை.

தோல் பட்டறை கற்றுக்கொடுக்கும் பாடம்

"வியாபாரத்திலும்தான் நஷ்டம் வருகிறது, எல்லோரும் மூடிவிட்டா போகிறார்கள்?" இது அடுத்த வாதம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களிடம் இதைச் சொன்னால் சரியாகப் புரியும். 1990 வாக்கில் தோல் பதனிடப் பயன்படுத்திய பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தை ஜெர்மனி தடை செய்தது. சரக்கு போகவில்லை. அடுத்துச் சில சாயங்களுக்குத் தடை. 1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, கழிவுநீரைச் சுத்திகரிக்காத பட்டறைகள் இயங்க முடியாது என்றானது. அடி மேல் அடி.

ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை வாங்குபவன் எழுதியே கொடுத்தான். ரசாயனத்தை மாற்றினார்கள், சாயத்தை மாற்றினார்கள், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். மாற்றியவர்கள் நின்றார்கள். போக்கரில் தோற்றவனுக்கு அப்படி ஒரு சீட்டு வராது. தப்பாக ஆடித் தோற்றானா, சரியாக ஆடியும் தோற்றானா என்பதே தெரியாது. காரணம் தெரிகிற நஷ்டத்துக்குத்தான் விடாமுயற்சி மருந்து. காரணம் தெரியாத நஷ்டத்தில் விடாமுயற்சி விஷம்.

தருமர் இரண்டாம் முறை போனது

வடக்கு மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து உண்டு. அதில் சூது, துகில் உரிதல் நடக்கும் ராத்திரி கூட்டம் அதிகம். தருமர் பொருளை விட்டார், நாட்டை விட்டார், தம்பிகளை விட்டார், தன்னையே விட்டார், கடைசியில் பாஞ்சாலி. இது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. மகாபாரதக் கதைப்படி திருதராஷ்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டான்! விட்டது முழுசும் கைக்கு வந்தது. அப்புறமும் கூப்பிட்டதும் தருமர் மறுபடி ஆடப் போனார். காட்டுக்குப் போனது அந்த இரண்டாவது ஆட்டத்தால்தான்.

"போட்ட காசு மட்டும் வந்தால் போதும், அதோடு நிறுத்திவிடுவேன்" என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காசு வந்தவுடன் ஆசை நிற்காது. வள்ளுவர் சூதுக்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கினார், 94ஆவது. முன்னால் கள்ளுண்ணாமை, பின்னால் மருந்து. நடுவில் சூது. இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார் என்று தோன்றும் :-)

சட்டம் வந்தாச்சே?

தமிழ்நாட்டில் 2021ல் தடை வந்தது, நீதிமன்றம் ரத்து செய்தது. நீதியரசர் சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு 2022ல் மறுபடி சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 ஏப்ரலில் ஒப்புதல். கடைசியில் நாடாளுமன்றமே, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றி 2025 ஆகஸ்ட் 22ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பெரிய இந்தியக் கம்பெனிகள் அந்த மாதமே காசு ஆட்டத்தை நிறுத்தின.

பிரச்சினை தீர்ந்ததா? வி.பி.என். போட்டு வெளிநாட்டுத் தளத்துக்குப் போகிறவனுக்குத் தீரவில்லை. ஆடுகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை. ஜெயித்த காசு வரவில்லை என்றால் எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது? 2011 ஏப்ரல் 15ல் அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்களை முடக்கியபோது, ஃபுல் டில்ட் தளத்தில் காசு வைத்திருந்தவர்கள் அதைப் பார்க்க வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அங்கேயே அந்தக் கதி.

பாகாயத்தில் இருக்கும் பதில்

காட்பாடியிலிருந்து வரும் டவுன் பஸ் கடைசியாக நிற்கும் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. 1950களிலிருந்து அங்கே ஒரு வழக்கம். நோயாளியைத் தனியாக அடைக்காமல் குடும்பத்தாரும் கூடவே தங்குவது. வைத்தியம் வீட்டாரையும் சேர்த்துத்தான்.

சூதாட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் சூதாட்டக் கோளாறை மது, போதை வரிசையில் வைத்தது. அதற்குச் சொன்ன ஒன்பது அறிகுறிகளில் ஒன்று, விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பி வருவது. இன்னொன்று, எவ்வளவு ஆடுகிறோம் என்பதை மறைக்கப் பொய் சொல்வது. தோல்வித் தொடரில் இருக்கும் பையன் இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிடுகிறான். செமஸ்டர் ஃபீஸ் கட்டியாச்சு என்கிறான், அக்கா நகையை நண்பனுக்கு அவசரம் என்று வாங்கி அடகு வைக்கிறான், லோன் ஆப்பில் கை வைக்கிறான். காசு போனதை விட, சொல்ல முடியாமல் போனதுதான் ஆளைக் கொல்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டங்கள் எல்லாம் வந்ததே அடுத்தடுத்து நடந்த தற்கொலைகளால்தான்.

அதனால் தோல்வித் தொடரைச் சமாளிக்க உருப்படியான வழி மூன்றே மூன்று. ஒன்று, இதுவரை கட்டியது, எடுத்தது இரண்டையும் பேங்க் ஸ்டேட்மென்ட் பார்த்து ஒரே தாளில் எழுதுவது. ஞாபகத்திலிருந்து அல்ல, ஞாபகம் ஜெயித்ததை மட்டும்தான் சொல்லும். இரண்டு, அந்தத் தாளை வீட்டில் ஒருத்தரிடம் காட்டுவது. அம்மா திட்டுவார், அப்பா ரெண்டு நாள் பேசமாட்டார், அவ்வளவுதான். மூன்று, போனது போனதுதான் என்று நஷ்டக் கணக்கில் எழுதி மூடுவது. ஆட்டம் பிடித்திருந்தால் காசில்லாத சிப் வைத்து ஆடலாம், கணக்கு அப்படியேதான் இருக்கும். தனியாகத் தாங்க முடியாத ராத்திரியாக இருந்தால் 14416. டெலி மானஸ், அரசாங்க எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

விட்ட காசை மேசையில் பிடிக்க முடியுமா என்பது சந்தேகம். அடுத்து விடப்போகும் காசை இன்றைக்கே பிடித்துவிடலாம். அதற்கு ஒரு சீட்டும் தேவையில்லை.