வெறுங்காலும் பியானோவும்

புதிதாக ஏதாவது கேட்க வேண்டும், எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் எமஹோய் த்செகே மரியம் கெப்ரு. எத்தியோப்பியாவின் துறவி, பியானோ கலைஞர். 2023 மார்ச்சில் தம் 99ஆம் வயதில் ஜெருசலேமில் காலமானார். நாம் ஏற்கெனவே கேட்ட பாட்டின் சாயலில் இன்னொரு பாட்டைத்தான் கைப்பேசி தேடித் தருகிறது. இவருடைய இசைக்கு அப்படிச் சாயல் காட்ட வேறு இசை அநேகமாக இல்லை. அதனால் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் 1923இல் அடிஸ் அபாபாவில் பெரிய இடத்துப் பெண்ணாகப் பிறந்தார். ஆறு வயதில் படிக்க சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். வயலின் அங்கேதான் கைக்கு வந்தது. நாடு திரும்பிய சில ஆண்டுகளில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது; குடும்பத்தோடு இத்தாலிக்குக் கைதியாகக் கொண்டு போகப்பட்டார். விடுதலைக்குப் பின் கெய்ரோவில் கொண்டொரோவிச் என்ற போலந்து வயலின் கலைஞரிடம் கடும் பயிற்சி. அடுத்து லண்டனில் ராயல் அகாடமியில் படிக்கும் வாய்ப்பு வந்தது. போக அனுமதி கிடைக்கவில்லை.

அந்த ஏமாற்றத்தில் சாப்பாட்டை ஒதுக்கி, சாவின் விளிம்புவரை போய் வந்திருக்கிறார். பிறகு யாரும் எதிர்பாராத வகையில் வடக்கு மலைப்பகுதியிலிருந்த கிஷென் மரியம் மடத்துக்குப் போய்த் துறவு பூண்டார். அப்போது அவருக்கு 21 வயது. சுமார் பத்தாண்டுகள் அந்த மலையில் செருப்பில்லாமல் நடந்தார். பியானோ கிடையாது. கைகள் அத்தனை காலம் சும்மா இருந்தும் இசை அவரை விட்டுப் போகவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

பின்னர் கோண்டார் நகரில், புனித யாரேதின் பெயரால் வழங்கும் பழைய தேவாலய இசையைப் படித்தார். அதே இசையைக் கற்க வந்த ஏழைப் பிள்ளைகள் பிச்சையெடுத்துச் சாப்பிட்டு, தெருவில் படுத்து உறங்குவதைப் பார்த்தார். கொடுக்க அவரிடம் பணமில்லை, இசைதான் இருந்தது. 1967இல் ஜெர்மனியில் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டின் வருமானம் ஆதரவற்ற குழந்தைகளுக்குப் போனது.

'வீடற்ற நாடோடி' என்ற துண்டைக் கேட்டுப் பாருங்கள். இடது கை நிதானமாக நடக்கும். வலது கை அந்த நடைக்குக் கட்டுப்படாது. ஒரு சொற்றொடரை நீட்டும், தயங்கும், திடீரென்று விரையும். தாளம் போட்டுக் கேட்கப் பார்த்தால் கை பாதியில் நின்றுவிடும். பியானோவில் நம் கமகத்துக்கு வழியில்லை. அடித்த ஸ்வரம் அடித்த இடத்திலேயே நிற்கும். அவர் என்ன செய்கிறார் என்றால், சேர வேண்டிய ஸ்வரத்துக்கு முன்னால் இரண்டு மூன்று சிறு ஸ்வரங்களைச் சட்டென்று உதிர்த்துவிட்டு வந்து சேர்கிறார். ஒரு பாடகியின் தொண்டை அசைவு அங்கே கேட்கிறது.

எத்தியோப்பியாவின் மரபான இசை முறைகள் பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்களால் ஆனவை. அவற்றில் திசிதா என்ற முறையின் ஒரு வகையில் ச ரி க ப த, அதாவது நம் மோகனத்தின் அதே ஸ்வரங்கள். ஆனால் மோகனத்தை எதிர்பார்த்துப் போனால் வேறொன்று கிடைக்கும். திசிதா, போனதை நினைத்து ஏங்கிப் பாடும் பாட்டுகளுக்கு உரியது. அதே ஐந்து ஸ்வரங்கள் இத்தனை துயரத்தையும் தாங்கும் என்று எனக்குக் காட்டியது எத்தியோப்பிய இசைதான்.

உலகம் அவரைக் கேட்டது மிகத் தாமதமாக. ஃபிரான்சிஸ் ஃபல்செத்தோ என்ற பிரெஞ்சுக்காரர் 'எத்தியோபிக்' என்ற தொகுப்பு வரிசையில் எத்தியோப்பியாவின் பழைய இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக மறுபதிப்புச் செய்துவந்தார். 2006இல் வந்த 21ஆம் தொகுப்பு முழுக்க எமஹோயுடையது. அந்த வரிசையில் ஜாஸும் நடனப் பாட்டும் அதிகம் என்பதால் இவரையும் ஜாஸ் கலைஞர் என்று பலர் எழுதிவிட்டார்கள். அது தவறு. ஐரோப்பியச் செவ்வியல் பயிற்சியும் தேவாலயப் பாடலும் சேர்ந்து உருவான கை அது. தாம் வாசிப்பது ஜாஸ் அல்ல என்று அவரே மறுத்திருக்கிறார்.

1984 முதல் ஜெருசலேமில் எத்தியோப்பிய மடத்தின் சிறு அறையில்தான் இருந்தார். அவர் கைப்பட எழுதிச் சேர்த்திருந்த இசைக்குறிப்புகளிலிருந்து ஒரு பகுதி 2013இல் நூலாக வந்தது. இஸ்ரேலியப் பியானோ கலைஞர் மாயா டுனியட்ஸின் உழைப்பு அதில் பெரியது. இன்று அந்தத் துண்டுகளை மற்றவர்களும் மேடையில் வாசிக்க முடிகிறது.

அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 2024இல், 'நினைவுகள்' என்ற பொருள்படும் 'சுவெனீர்ஸ்' வெளியானது. 1977க்கும் 1985க்கும் இடையில், எத்தியோப்பியாவின் ராணுவ ஆட்சிக் காலத்தில், அவர் தாமே கேசட்டில் பதிந்து வைத்த பாட்டுகள். இதில் பியானோவோடு அவர் பாடவும் செய்கிறார், அம்ஹாரிக் மொழியில். பயிற்சி பெற்ற குரல் இல்லை, சுருதி சில இடங்களில் நழுவும். ஆனாலும் பியானோத் துண்டுகளில் வலது கை ஏன் அப்படித் தயங்கியது என்பது இதைக் கேட்டதும் எனக்கு விளங்கியது. அந்தக் கை இத்தனை காலமும் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் 21ஆம் தொகுப்பை முதலில் கேளுங்கள், பிறகு குரலுக்கு வாருங்கள்.