தோர்ணக்கல் போன நம் ஜில்லாக்காரர்

முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் நம் ஜில்லாக்காரர் என்று பெருமைப்படுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் 'முதல்' என்ற சொல்லோடு பேச்சு நின்றுவிடுகிறது. அசரியாவின் பெருமை அந்தப் பட்டத்தில் இல்லை என்பது என் கருத்து.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் மெஞ்ஞானபுரம் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் சபைக் குருவானவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்காமல் வெளியே வந்தார். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியாவெங்கும் சுற்றினார். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் ஆட்கள், நம் காசு என்பதுதான் சங்கத்தின் ஏற்பாடு. அந்தச் சங்கம் நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது.

அனுப்பிவிட்டு இவர் இங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் 1909-இல், கௌரவமான வேலையை விட்டு, குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்கே போனார். அப்போது வயது 35. தெலுங்கைப் புதிதாகக் கற்றார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு ஆபீசில் தமிழில் ஃபைல் எழுத நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இவரோ அந்த மொழியில் பிரசங்கமே செய்தார்!

மறு வருஷம் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் தியாகம் செய்கிறார்கள், ஆனால் எங்களைச் சிநேகிதராக நடத்துவதில்லை என்று அவர்கள் முன்னாலேயே சொன்னார். சபையில் பலருக்கு அது ரசிக்கவில்லை.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவருக்குப் பிஷப் அபிஷேகம் நடந்தது. அதை எதிர்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல. நம் ஜில்லாக் கிறிஸ்தவர்களிலேயே சிலர் சாதியை நினைத்து முகம் சுளித்தார்கள். பெருமை பேசும்போது இதை மட்டும் விழுங்கிவிடுகிறோம். இன்று திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்த வேட்பாளர் எந்த ஆள் என்று டீக்கடையில் கணக்குப் போடுகிறவர்களும் நாம்தானே?

தெலுங்கு நாட்டில் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள். சாகும்வரை, 32 வருஷம், அவர்களோடேயே இருந்தார். 1945 ஜனவரி 1-ஆம் தேதி அவர் இறந்தபோது திருநெல்வேலித் திருமண்டலத்துக்கு ஒரு தமிழர்கூட பிஷப்பாக வந்திருக்கவில்லை.

விஜயவாடாவிலிருந்து காசிப்பேட்டை போகும் ரயில் பாதையில் தோர்ணக்கல் ஜங்ஷன் வரும். அவர் கட்டி 1939-இல் பிரதிஷ்டையான பேராலயம் அங்கே இருக்கிறது. இந்து, முஸ்லிம் கட்டடக்கலையையும் சேர்த்துக் கட்டியது. அவருடைய கல்லறையும் அந்த ஊரில்தான்.